நீதிமன்ற உத்தரவில் லத்தீன் வந்தால்: ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை, கடலோரத்தில் வழக்கு என்று வந்துவிட்டால் அது பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். இலங்கைக் கடற்படை பிடித்த ஆளும் படகும், வலையில் வந்த தடை செய்யப்பட்ட உயிரினம், பங்காளிகளுக்குள் பிரியாத நிலம். இந்த மூன்றிலும் குடும்பத்தின் கைக்கு வரும் தாளில் நான்கைந்து லத்தீன் சொற்கள் இருக்கும். அவற்றைத் தாண்டிப் படித்துவிட்டு, ‘வக்கீல் பார்த்துக்கொள்வார்’ என்று தாளை மடித்து பீரோவில் வைப்பதுதான் வழக்கம். அந்தச் சொல்லில்தான் உங்கள் கெடு இருக்கும். யாரிடம் போக வேண்டும், எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதும் அதில்தான் இருக்கும். சட்டம் படிக்காதவரும் அதைப் புரிந்துகொள்ள முடியும். கீழே உள்ள வரிசையில் போங்கள்.

முதலில் தாளின் தலைப்பகுதி

எந்த நீதிமன்றம், என்ன வகை வழக்கு, எந்தத் தேதி. இந்த மூன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஓ.எஸ்.’ என்றால் அசல் வழக்கு, நம் பேச்சில் தாவா. ‘ஐ.ஏ.’ என்றால் அந்தத் தாவாவுக்குள் போட்ட இடைக்கால மனு. ‘டபிள்யூ.பி. எம்.டி.’ என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போட்ட நீதிப்பேராணை மனு, அதாவது ரிட் மனு. ‘ஹெச்.சி.பி. எம்.டி.’ என்றால் அங்கே போட்ட ஆட்கொணர்வு மனு. மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்கியதிலிருந்து நம் மாவட்டத்து ரிட் மனுக்கள் அங்கேதான் போகின்றன.

மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுதலாம். உயர் நீதிமன்றத்தின் மொழியை அரசியல் சாசனத்தின் 348-வது பிரிவு ஆங்கிலமாக வைத்திருக்கிறது. லத்தீன் அதிகம் தென்படுவது அங்கிருந்து வரும் தாளில்தான். கீழமை நீதிமன்ற வழக்கு என்றால் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

உத்தரவின் நடுப்பக்கங்களில் வருவது வாதம். உங்களைக் கட்டுப்படுத்துவது கடைசிப் பத்தி. அங்கே வரும் லத்தீன் சொற்கள் சிலதான். ஆனால் அவற்றின் பலம் பெரிது.

எக்ஸ் பார்ட்டே. ஒரு தரப்பு வராததால் மறுதரப்பை மட்டும் கேட்டு எடுத்த முடிவு. ஊரில் ‘எக்ஸ்பார்ட்டி ஆயிருச்சு’ என்று சொல்வது இதைத்தான். கடலோரத்தில் இது அடிக்கடி நடக்கும் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆள் கடலுக்குப் போயிருக்கும்போது சம்மன் வரும். உரிய நேரத்துக்குள் அவர் வீட்டில் கிடைக்க வாய்ப்பில்லை என்றால், அவரோடு வசிக்கும் வயது வந்த குடும்பத்தார் எவரிடம் கொடுத்தாலும் அது முறையாக வந்து சேர்ந்ததாகவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். மனைவியோ அம்மாவோ கையெழுத்திட்டு வாங்கிவிட்டு, சொல்ல மறந்தால்கூட நாள் ஓடத் தொடங்கிவிடும். ‘வாங்க மாட்டேன்’ என்று திருப்பி அனுப்புவது அதைவிட மோசம். கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், அதுவும் செல்லும்.

இன்னும் தீர்ப்பாகாமல் எக்ஸ் பார்ட்டே என்று மட்டும் பதிவாகியிருந்தால் அதே சட்டத்தின் ஆணை 9, விதி 7-இன்படி மனுப் போட்டு உள்ளே வரலாம். தீர்ப்பே ஆகிவிட்டால் ஆணை 9, விதி 13. அதற்குக் கெடு 30 நாள். சம்மன் முறையாக வந்து சேர்ந்திருந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். சேரவே இல்லை என்றால் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். ‘கடலில் இருந்தேன்’ என்பதற்குச் சான்று வேண்டும். மீன்வளத் துறை டோக்கன் பதிவு, படகில் உடன் போனவர்களின் வாக்குமூலம் எதுவானாலும் அப்போதே எடுத்து வையுங்கள்.

ஸ்டேட்டஸ் கோ. இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்ற உத்தரவு. இது இரண்டு பக்கத்தையும் கட்டும். நீங்கள் கேட்டு வாங்கிய உத்தரவாக இருந்தாலும், நீங்களே அந்த இடத்தில் வேலி போட்டாலோ பனையை வெட்டினாலோ மீறியதாகும். மீறினால் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையிலும் வைக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘இன்றைய நிலை’ என்றால் இன்று இடத்தைக் கையில் வைத்து அனுபவிப்பது யார் என்று பல உத்தரவுகளில் எழுதியிருக்காது. அதனால் உத்தரவு வந்த அன்றே இடத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அனுபவம் யாரிடம் என்பதை உத்தரவில் பதிவுசெய்யும்படி வக்கீலிடம் கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ‘இன் லிமினே’ தள்ளுபடி என்றால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், விசாரணைக்கே எடுக்கவில்லை. ‘சைனி டை’ என்றால் தேதி குறிக்காமல் ஒத்திவைப்பு. ‘டி நோவோ’ என்றால் முதலிலிருந்து மறுபடி விசாரணை. ‘பிரைமா ஃபேசி’ என்றால் மேலோட்டமாகப் பார்க்கையில் தெரிவது. பிரைமா ஃபேசி உங்கள் பக்கம் என்று நீதிபதி எழுதியதை வெற்றியாக எண்ணி ஊரில் இனிப்புக் கொடுத்துவிடாதீர்கள், இறுதித் தீர்ப்பு மாறலாம்.

கேவியட் மட்டும் நீங்களே முந்திக்கொண்டு செய்ய வேண்டியது. எதிராளி தடையுத்தரவு கேட்டுப் போகப்போகிறார் என்று காதில் விழுந்தால், ‘என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்’ என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவின்படி மனுத் தாக்கல் செய்துவிடலாம். 90 நாள் உயிரோடு இருக்கும். எதிராளிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்ப வேண்டும்.

ஆள் பிடிபட்டிருந்தால்: எந்த ரிட்?

ஹேபியஸ் கார்ப்பஸ், மண்டமஸ், செர்ஷியோரரி, குவோ வாரண்டோ ஆகிய நான்கும் லத்தீன் பெயர்கள். ஐந்தாவது, தடை ஆணை. உச்ச நீதிமன்றத்துக்கு 32-வது பிரிவும் உயர் நீதிமன்றத்துக்கு 226-வது பிரிவும் இந்த அதிகாரத்தைத் தருகின்றன. நம் கடலோரத்தில் பயன்படுவது பெரும்பாலும் முதல் இரண்டு.

ஹேபியஸ் கார்ப்பஸ் என்றால் ‘ஆளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்து’. சட்டவிரோதமாக ஒருவரை அடைத்து வைத்திருக்கும்போது போடுவது. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் உள்ளே வைக்கப்பட்டவர்களுக்காக இது அதிகம் போடப்படுகிறது. 1983-ல் ருதுல் ஷா வழக்கில், விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 ஆண்டுகள் சிறையில் கிடந்தவருக்கு இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் பாம்பனிலும் ஆள் பிடிபட்ட வீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘ஆட்கொணர்வு மனு போடலாமா?’ என்பதுதான். பதில் கசப்பானது. பிடித்தது வேறு நாடு. மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ அந்நாட்டு நீதவான் முன் நிறுத்தி விளக்கமறியலில் (நம் பேச்சில் ரிமாண்டில்) வைத்திருக்கிறார்கள். மதுரைக் கிளையின் ஆணை பாக் நீரிணையைத் தாண்டிச் செல்லாது. நம் நீதிமன்றம் கட்டளையிடக்கூடியது நம் அரசுக்குத்தான். ஆகவே கேட்க வேண்டியது மண்டமஸ்: ‘உன் கடமையைச் செய்’ என்று மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் ஆணை.

மண்டமஸுக்கு ஒரு முன்வேலை இருக்கிறது. முதலில் அந்த அதிகாரியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். அவர் மறுத்திருக்க வேண்டும், அல்லது பேசாமல் இருந்திருக்க வேண்டும். அதனால் மாவட்ட ஆட்சியர், மீன்வளத் துறை, வெளியுறவு அமைச்சகம் என யாருக்கு மனுக் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அந்த முத்திரைத் தாள்தான் ரிட் மனுவின் முதுகெலும்பு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ‘மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்’ என்று உத்தரவு வந்தால், முடிவெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சாதகமாக முடிவெடுக்கச் சொல்லவில்லை. கெடு முடிந்த மறுநாளே அந்த அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

அக்கரையில் வழக்கு நடத்துவது அங்குள்ள வழக்கறிஞர்தான். இலங்கையின் தனியுரிமைச் சட்டத்துக்கு அடித்தளம் ரோமன்-டச்சுச் சட்டம் என்பதால் லத்தீன் அங்கேயும் விடாது. படகைத் திரும்பக் கேட்பதற்குப் படகு உரிமையாளரான சம்மாட்டிக்கு ‘லோகஸ் ஸ்டாண்டி’ இருக்க வேண்டும், அதாவது கேட்க உரிமை உள்ளவர் என்று காட்ட வேண்டும். பதிவுச் சான்று உங்கள் பெயரில் இல்லாமல், பழைய சம்மாட்டி பெயரிலேயே கிடந்தால் அங்கே நிற்க முடியாது. படகு வாங்கிய கையோடு பெயர் மாற்றிவிடுங்கள்.

அட்டை வழக்கு: தெரியாது என்று சொன்னால் போதுமா?

மன்னார் வளைகுடாவில் கடல் அட்டையும் கடல் குதிரையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணைப்படுத்தப்பட்டவை. கடல் அட்டை 2001-லிருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. ‘தடை இருப்பது தெரியாது’ என்பதற்கு நீதிமன்றம் சொல்லும் பதில் ‘இக்னோரன்ஷியா ஜூரிஸ் நான் எக்ஸ்கியூசட்’. சட்டம் தெரியாமை மன்னிப்பாகாது. இது நியாயமா என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக அட்டை குளித்த குடும்பங்களுக்கு ஒரு நாளில் தொழில் குற்றமானது. ஆனால் நீதிமன்றத்தில் இந்த வாதம் எடுபடாது, அதில் காலத்தைக் கழிக்காதீர்கள்.

சட்டம் தெரியாமை வேறு, நடந்தது தெரியாமை வேறு. ‘ஆக்டஸ் நான் ஃபேசிட் ரியம் நிசி மென்ஸ் சிட் ரியா’: குற்ற மனம் இல்லாமல் செயல் மட்டும் ஒருவனைக் குற்றவாளி ஆக்காது. சுருக்கமாக ‘மென்ஸ் ரியா’. இழுவலையில் மீனோடு அட்டை வந்ததே கண்ணில் படாதவருக்கும், அவித்து உலர்த்தி மூட்டை கட்டியவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். முன்னவருக்கு இந்த வாதம் உதவக்கூடும், பின்னவருக்கு உதவாது. அதோடு அச்சட்டத்தின் 57-வது பிரிவையும் மறக்கக் கூடாது. பொருள் உங்கள் வசம் இருந்தால், சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே கருதுவார்கள். இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில் ஏறிவிடும். சாதாரணக் குற்ற வழக்கில் போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும் என்ற பழக்கத்தில் பேசாமல் இருந்துவிட்டால் வழக்கு கைவிட்டுப் போகும். பறிமுதல் விவரம் எழுதும் மகஜரில் கையெழுத்திடும் முன் எங்கே எடுத்தது, எத்தனை, உயிரோடா உலர்ந்ததா என்று எழுதியிருப்பதை ஒருவரை வைத்துப் படித்துக் கேளுங்கள்.

படகு பிடிபட்டது கடலில், சம்மாட்டி இருந்தது கரையில் என்ற நிலையில் அவருக்கும் கேள்வி வரும். ‘குவி ஃபேசிட் பெர் ஏலியம் ஃபேசிட் பெர் சே’, பிறர் வழியாகச் செய்பவன் தானே செய்தவன். இது முக்கியமாக இழப்பீட்டு வழக்குகளில் ஆள்கிற விதி. சிறைத் தண்டனைக்கு இதை மட்டும் வைத்துக் கொண்டுபோக முடியாது.

உரிமமோ மானியமோ ரத்தானால்

முன்னறிவிப்பே இல்லாமல் படகு உரிமத்தை நிறுத்திவிட்டார்கள், டீசல் மானியத்தை வெட்டிவிட்டார்கள் என்றால் உங்கள் கையில் உள்ள மிகப் பலமான லத்தீன் ‘ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்’. மறுதரப்பையும் கேள். 1978-ல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு அழுத்தம் கொடுத்தது. அங்கே பிரச்சினை பாஸ்போர்ட். இதன் கூடப்பிறந்தது ‘நீமோ ஜூடெக்ஸ் இன் காசா சுவா’, தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகக் கூடாது. 1969-ல் கிரைபக் வழக்கில், தேர்வுக்குப் போட்டியிட்டவரே தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்ததால் தேர்வு ரத்தானது. விதியோ உத்தரவோ சட்டம் கொடுத்த அதிகாரத்தை மீறியிருந்தால் ‘அல்ட்ரா வைரீஸ்’ என்பார்கள். கெட்ட நோக்கம் என்றால் ‘மாலா ஃபிடே’. பின்னதைச் சும்மா எழுதிவிடாதீர்கள். எந்த அதிகாரி, என்ன பகை, எப்போது என்று விவரம் சொல்லி அவரையே எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கடற்கரை யாருடையது?

இதில் எனக்குத் தனிப் பற்று உண்டு. கி.பி. 533-ல் ஜஸ்டினியன் பேரரசர் தொகுக்கச் செய்த ரோமானியச் சட்டப் பாடநூல் காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவற்றை எல்லோருக்கும் பொது என்று வகைப்படுத்தியது. ‘ரெஸ் கம்யூனிஸ்’. இதிலிருந்து வளர்ந்ததுதான் பொது நம்பிக்கைக் கோட்பாடு: அரசு இவற்றுக்கு உரிமையாளர் மாதிரி நடக்க முடியாது, மக்களுக்காகக் காப்பவர் மட்டுமே. 1996 டிசம்பரில் கமல் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அதே மாதம் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. மரபு வழிப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு. பிறகு 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டது. லத்தீன் கோட்பாடு எவ்வளவு உயரமாக இருந்தாலும் நாடாளுமன்றம் எழுதிய சட்டம் அதைக் குறைக்க முடியும் என்பதற்கு நம் கரையே சாட்சி.

மீனைப் பொறுத்தவரை ‘ரெஸ் நல்லியஸ்’, பிடிக்கும் வரை யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் வலைக்குள் வந்துவிட்டால் உங்களுடையது, அதிலிருந்து எடுப்பது திருட்டு. ஓரிடத்தில் கிடக்கும் சங்குக்கு இது அப்படியே பொருந்துமா? ராமநாதபுரக் கரைக்கு அப்பால் பாக் விரிகுடாவில் சங்கு எடுத்தது திருட்டா என்ற வழக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அவ்விரிகுடாவைத் திறந்த கடலாகப் பார்க்காமல் நாட்டின் பகுதியாகவே நீதிமன்றம் கருதியது. கடல் எல்லை பற்றிய சர்வதேசச் சட்ட விவாதங்களில் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பு எடுத்தாளப்படுகிறது.

நிலம் என்றால்

இடம் வாங்கப்போகிறவர் இரண்டு சூத்திரங்களை மனதில் வைக்க வேண்டும். ‘நீமோ டாட் குவோட் நான் ஹேபெட்’: தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் கொடுக்க முடியாது. புறம்போக்கை விற்றவரிடம் பத்திரம் பதிந்து வாங்கினாலும் உங்களுக்கு எதுவும் சேராது. ‘கேவியட் எம்ப்டார்’: வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். மேலே சொன்ன கேவியட் மனுவோடு இதைக் குழப்ப வேண்டாம். ‘லிஸ் பெண்டன்ஸ்’ மூன்றாவது. வழக்கு நடக்கும்போது வாங்கிய சொத்து, அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்படும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு. வில்லங்கச் சான்றில் நிலுவை வழக்கு தெரியாமல் போகலாம். தாய்ப்பத்திரம், பட்டா பார்ப்பதோடு விற்பவரின் பெயரை இ-கோர்ட்ஸில் தேடிப் பாருங்கள்.

‘ரெஸ் ஜூடிகேட்டா’ பங்காளி வழக்குகளில் உயிரை எடுக்கும். ஒருமுறை தீர்ந்ததை மறுபடி கிளப்ப முடியாது. முதல் வழக்கில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டாலும் கேட்டுத் தோற்றதாகவே கருதுவார்கள். ஆகவே முதல் வழக்கிலேயே எல்லாச் சர்வே எண்ணையும் எல்லாக் கோரிக்கையையும் சேர்த்துவிடுங்கள்.

வாரிசே இல்லாத சொத்து ‘போனா வேகன்ஷியா’. அரசுக்குப் போகும் என்று அரசியல் சாசனத்தின் 296-வது பிரிவு இந்த லத்தீனையே பயன்படுத்துகிறது. ராமநாதபுரம் சமஸ்தானமே ஒரு காலத்தில் இப்படிப் போயிருக்க வேண்டியது. விதவை ராணி, கணவரின் அனுமதி இல்லாமல் உறவினர் சம்மதத்தோடு எடுத்த சுவீகாரம் செல்லாது என்று மதுரை கலெக்டர் வாதாடினார். 1868-ல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சுவீகாரம் செல்லும் என்றது. எழுதி வைத்த நூலைவிட நிரூபிக்கப்பட்ட வழக்கம் வலுவானது என்று அதில் சொன்னதை இந்துச் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இன்றும் படிக்கிறார்.

சூத்திரத்தின் எடையைப் பாருங்கள்

எதிர்த்தரப்பு வக்கீல் லத்தீன் சொன்னதும் தோற்றுவிட்டோம் என்று எண்ண வேண்டாம். எல்லாச் சூத்திரமும் இங்கே செல்லாது. ‘ஃபால்சஸ் இன் யூனோ, ஃபால்சஸ் இன் ஆம்னிபஸ்’, ஒன்றில் பொய் சொன்னவர் எல்லாவற்றிலும் பொய்யர் என்பதை நம் நீதிமன்றங்கள் விதியாக ஏற்கவில்லை. சாட்சியின் உண்மையைப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். தீர்ப்பைக் காட்டினால் அது ‘ரேஷியோ’வா ‘ஆபிட்டர்’ஆ என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். முதலாவது தீர்ப்பின் அடிப்படைக் காரணம், கீழ் நீதிமன்றங்களைக் கட்டும். இரண்டாவது போகிற போக்கில் சொன்ன கருத்து.

வக்கீலிடம் போகும்போது

தாளில் உள்ள ஒவ்வொரு லத்தீன் சொல்லையும் கோடிட்டு, மூன்றே கேள்வி கேளுங்கள்: இது என்னைக் கட்டுமா, இதற்கு நான் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்? கட்டணம் கொடுக்க முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். அழைப்பு எண் 15100.

கடைசியாகக் கெடு. ‘விஜிலான்டிபஸ் நான் டார்மியென்டிபஸ் ஜூரா சப்வெனியன்ட்’: விழித்திருப்பவருக்கே சட்டம் உதவும். கொடுத்த கடனுக்கு 3 ஆண்டு, உரிமையை வைத்து நிலத்தை மீட்க 12 ஆண்டு. மேல்முறையீட்டிலோ இடைக்கால மனுவிலோ தாமதம் ஆனால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வழி உண்டு. அசல் தாவாவில் அந்த வழி கிடையாது. தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போடுங்கள். மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். சான்றிட்ட நகல் தயாராக எடுத்த நாட்களை அதில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் நகல் மனு போட்ட தேதியிலிருந்துதான் அந்தக் கழிவு தொடங்கும்.